அவிழ்த்து விடுதலும் கையளித்தலும்

(வில்லாவுட்டில் நடந்த எமது சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. சித்திரைப் புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நான் பேச்சாளன் அல்ல. ஏ.எல். வரைக்கும் படித்தவன். வெதரில் பார்க்கில் ஒரு பக்ரறியில் மெசின் ஓட்டுகிறவன். எனக்கு முன் பேசிய ஆசிரியர் ஐயா தமிழின் பெருமையைப் பேசினார். எனக்குக் கிடைத்த தலைப்போ ஒரு நாய். செயலாளர் அண்ணை அதை அறிவித்தபோது சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம், பிழையில்லை. ஆனால் போன வருசம் இரண்டு மாதமாக இந்தச் சங்கத்து ஆக்கள் கனபேர் அந்த ஒரு நாய்க்கு வீடு தேடினவை. ரெலிபோன் எடுத்துக் கேட்டவர்களில் அரைவாசிப் பேர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். "எங்களுக்கு ஏன் தரேல்லை? எங்களில என்ன குறை?" என்று இன்றைக்கும் என்னைக் காணும்போது கேட்கிறவர்கள் இருக்கினம். அதற்குப் பொதுவில் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கதையைச் சொல்கிறேன். தம்பி ஒருவர். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். 2013 இல் படகில் வந்தவர். இந்த வில்லாவுட் முகாமிலும் கொஞ்சக் காலம் இருந்தவர். முகாமைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1949 இல் ஐரோப்பாவில் இருந்து குடியேறினவர்களுக்கு விடுதியாகத் தொடங்கி, 1976 இல் இருந்து தடுப்பு முகாமாக இருக்கிற இடம் அது. தம்பியின் வழக்கு நிராகரிக்கப்பட்டது. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தபோது நாங்கள் எல்லோரும் பால்ப்பொங்கல் வைத்தோம். தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்குப் பிறிட்ஜிங் விசாதான். பொங்கலுக்கு வந்து, சாப்பிட்டு, கோப்பையும் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவர் ஒரு வீட்டின் பின்வளவில் இருக்கிற சின்னக் கிரானி பிளற்றில் தனியாக இருந்தார். இரவு ஷிப்ற். பகலில் நித்திரை வராது. வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு காப்பகம் ஒன்றில் இருந்து ஒரு நாயை எடுத்தார். கெல்பிக் கலப்பு, பெட்டை, மண்ணிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். எடுக்கும்போது ஆறு மாதம் இருக்கும். காப்பகத்தில் அதற்கு ஒரு இங்கிலிஸ் பெயர் வைத்திருந்தவை. தம்பி "செல்லி" என்று மாற்றிவிட்டார். "இரு", "பொறு", "வா", "வேண்டாம்", இந்த நாலு சொல்லையும் எட்டு மாதத்தில் அது படித்துவிட்டது. இங்கே பிறந்த எங்கட சில பிள்ளைகளைவிடக் கூடத் தமிழ் என்று ஒரு அண்ணை பகிடி விட்டார். எங்கட ஆக்களுக்குள்ளேயே முதலில் வீடு தேடினதற்கு அந்தத் தமிழும் ஒரு காரணம்.

2025 ஆடியில் அந்த வீடு விற்கப்பட்டுவிட்டது. தம்பிக்கு வேறு இடத்தில் ஒரு அறைதான் கிடைத்தது. உரிமையாளரும் அதே வீட்டில் குடியிருக்கிறவர். நாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேணும், ஏனென்றால் எங்களில் முக்கால்வாசிப் பேர் வாடகை வீட்டுக்காரர். நியூ சவுத் வேல்சில் 2025 மே 19 இல் இருந்து வாடகைச் சட்டம் மாறியிருக்கிறது. நாய் பூனை வளர்க்க விரும்பினால் அதற்குரிய படிவத்தில் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேணும். அவர் 21 நாளுக்குள் பதில் தர வேணும். தராவிட்டால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். "எனக்கு நாய் பிடிக்காது" என்று சொல்லி மறுக்க ஏலாது. சட்டத்தில் சொன்ன காரணங்கள் இருக்க வேணும்: வேலி சரியில்லை, இடம் போதாது, பொண்ட் காசுக்கு மேலே சேதம் வரும், இப்படிச் சில. நாய்க்கென்று வாடகையையோ பொண்டையோ கூட்டிக் கேட்கவும் ஏலாது. ஆனால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தால் அவர் மறுக்கலாம். தம்பி மாட்டுப்பட்டது அந்தக் காரணத்தில்தான். அந்த மனிசனில் பிழை இல்லை, அவர் சட்டப்படிதான் சொன்னார்.

பிளற்றில் இருக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. டார்லிங்ஹேர்ஸ்ற்றில் "ஹொறைசன்" என்ற பெரிய மாடிக் கட்டடத்தில் அங்கஸ் என்ற சின்ன ஷ்னவுசர் நாயை வைத்திருக்கக்கூடாது என்று நிர்வாகம் சொல்ல, நாய்க்காரி மேன்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போனார். 2020 ஒக்ரோபரில் அவர் வென்றார். எந்த நாயும் கூடாது என்று ஒரேயடியாகத் தடுக்கிற விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2021 இல் சட்டமும் அதற்கேற்ப மாற்றப்பட்டது. கோடி கோடியாய்க் காசு உள்ள கட்டடத்தில் நடந்த சண்டைதான், ஆனாலும் அதன் பலன் பாங்ஸ்ரவுனில் இரண்டு அறைப் பிளற்றில் இருக்கிற எங்களுக்கும் கிடைத்திருக்கிறது.

சரி, தம்பிக்கு வருவோம். செல்லியை என்ன செய்கிறது என்று தெரியாமல் நின்றபோது எங்கட ஒரு பெரியவர் சொன்னாராம்: "பெரிய பார்க் ஒண்டுக்குக் கொண்டுபோய் அவிட்டு விட்டிட்டு வா தம்பி. ஆரும் பிடிச்சு வளர்ப்பினம்." அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்தது அதுதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுப் போன உங்களில் எத்தனை பேர் படலைக்குள் நின்று மாட்டையும் நாயையும் அவிழ்த்து விட்டீர்கள்? எங்கட வன்னியிலும் அதுதான் நடந்தது. நான் ஏ.எல். எழுதின கையோடு இடப்பெயர்வு தொடங்கியது. 2008 இல் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அம்மம்மா எங்கட நாயின் கழுத்துக் கயிற்றை வெட்டிவிட்டார். அது உழவு மெசினுக்குப் பின்னால் ஓடி வந்தது. விசுவமடு வரைக்கும் வந்ததாக அண்ணன் சொல்லுவான், நான் பார்க்கவில்லை. அந்த நேரம் அவிழ்த்து விடுவதுதான் நாங்கள் செய்யக்கூடிய ஒரே தருமம். கட்டியிருந்தால் பட்டினியில் செத்துப்போகும். அவிழ்த்து விட்டால் எங்கேயும் ஒரு குப்பையைக் கிளறியாவது பிழைக்கும்.

ஆனால் இங்கே தெருநாய் என்று ஒன்று கிடையாது. சிட்னியில் அவிழ்த்து விட்ட நாயைக் கவுன்சில் றேஞ்சர் பிடிப்பார், பவுண்டுக்குப் போகும். அடையாளம் இல்லாத நாயை 7 நாளும், மைக்ரோசிப் உள்ள நாயை 14 நாளும் வைத்திருக்க வேணும் என்பது சட்டம். அதற்குப் பிறகு வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம், அல்லது ஊசி போட்டுக் கொல்லலாம். 2022 இல் வந்த திருத்தப்படி, கொல்ல முன்னம் கவுன்சில் குறைந்தது இரண்டு மீள்குடியமர்த்தும் அமைப்புகளிடமாவது கேட்க வேணும். முந்தி அந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் கூடுகள் நிறைந்துதான் இருக்கின்றன. பவுண்ட்களின் நிலையை விசாரித்த மாநிலப் பாராளுமன்ற மேலவைக் குழு 2024 இல் கொடுத்த அறிக்கையும் இட நெருக்கடியைப் பற்றித்தான் பேசியது. கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைபட்டிருந்தபோது ஆசைக்கு நாய் வாங்கினவர்கள், வேலைக்குத் திரும்பினதும் என்ன செய்தார்கள் என்பது இன்னொரு கதை. அதோடு நாயைக் கைவிடுவது 1979 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். சிப்பில் இருக்கிற பெயரோ தம்பியின் பெயர். பிறிட்ஜிங் விசாவில் இருக்கிற ஒருவருக்குப் பொலிஸ், வழக்கு என்ற சொல்லே எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

ஆகவே அவிழ்த்து விடுவது இல்லை, கையளிப்பது என்று முடிவெடுத்தோம். தம்பி காப்பகத்தில் கையெழுத்து வைத்த பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்தார். என் இங்கிலிஸ் ஏ.எல். இங்கிலிஸ்தான், ஆனாலும் இப்படியான பத்திரம் வாசிக்கப் போதும். வளர்க்க ஏலாமல் போனால் முதலில் காப்பகத்துக்கு அறிவிக்க வேணும், தன் எண்ணத்துக்கு ஆருக்கும் கொடுக்கக்கூடாது என்று அதில் இருந்தது. அறிவித்தோம். அங்கே இருந்த பெண்மணி நல்ல மனிசி. "திரும்பக் கூட்டுக்குள் வராமல் நேராக இன்னொரு வீட்டுக்குப் போனால் நாய்க்கு நல்லது. நீங்கள் தேடுங்கள், வீட்டை நாங்கள் வந்து பார்த்துச் சம்மதம் தருகிறோம்" என்றார். அதுவரைக்கும் செல்லியைத் தம்பியின் கூட்டாளி ஒருவர் தன் கராஜில் வைத்திருக்க ஒத்துக்கொண்டார்.

இப்ப ரெலிபோன் எடுத்தவர்களுக்கு வருகிறேன்.

ஒரு அண்ணை கேட்டார்: "கள்ளர் பயம், பின்வளவில கட்டி வைக்க ஒரு நாய் வேணும்." அண்ணை, கெல்பி என்பது இந்த நாட்டுச் செம்மறிப் பண்ணைகளில் நூறு நூற்றைம்பது வருசமாக மந்தை சாய்க்க வளர்த்த இனம். நாள் முழுக்க ஓடினாலும் களைக்காது. அதைச் சங்கிலியில் கட்டினால் குரைக்கும், தோண்டும், வேலியைக் கடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு முறைப்பாடு போடுவார். கடைசியில் நாய்க்குத்தான் கெட்ட பெயர். இன்னொன்று, எங்கட இந்தப் பக்கத்து வெயில். 2020 ஜனவரி 4 ஆம் திகதி பென்றித்தில் 48.9 பாகை அடித்தது. தகர வேலிக்கு நடுவில், நிழல் இல்லாத கொங்கிறீற்றில் கட்டின நாய் அப்படியான ஒரு நாளில் பின்னேரம் வரைக்கும் உயிரோடு இருக்காது.

ஒரு தங்கச்சி கேட்டா, மகளின் பிறந்தநாளுக்கு. வீட்டில் இரண்டு வயதில் இன்னொரு பிள்ளை. செல்லி கடிக்கிற நாய் இல்லை, ஆனால் சந்தோசம் வந்தால் பாய்ந்து நெஞ்சில் கால் வைக்கும். பெரியவர்களே ஒரு அடி பின்னுக்குப் போவினம். சின்னது விழுந்து மண்டை உடைந்தால் நாயைத்தான் திருப்பி அனுப்புவீர்கள். நாலு வருசம் பொறுங்கோ என்று சொன்னேன். கோபித்துவிட்டா. இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தா, ஆறிவிட்டது என்று நினைக்கிறேன்.

புருசனும் பெண்சாதியும் விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு ஓவர்ரைமும் செய்து பின்னேரம் ஐந்துக்கு வருகிற வீடு ஒன்று. நல்ல சனம், பெரிய வளவு, வேலியும் நல்லது. ஆனால் ஒரு வயது நாய் பன்னிரண்டு மணித்தியாலம் தனிய இருக்க ஏலாது. நானே அந்த மாதிரி ஷிப்ற் செய்கிறவன். அதனால்தான் செல்லியை நான் எடுக்கவில்லை. இதையும் கேட்டீர்கள், "உனக்கு அவ்வளவு இரக்கம் எண்டால் நீ ஏன் எடுக்கேல்லை?" என்று. என் வீட்டில் பகலில் ஆளில்லை. அவ்வளவுதான்.

வளவின் அளவை எல்லோரும் சொன்னார்கள். பகலில் வீட்டில் ஆர் இருப்பினம் என்பதை நான் கேட்டால்தான் சொன்னார்கள். ஊருக்கோ இந்தியாவுக்கோ ஆறு கிழமை போனால் ஆர் பார்க்கிறது என்று கேட்டதும் பலர் "பிறகு எடுக்கிறன்" என்று ரெலிபோனை வைத்துவிட்டினம்.

கடைசியில் சரிவந்தது ஆரும் எதிர்பாராத ஒரு வீடு. பெண்டில் ஹில்லில் சொந்த வீடு, ஒரு அம்மா, மகள், பல்கலைக்கழகம் போகிற பேரன். மகள் கிழமையில் இரண்டு நாள் வீட்டில் இருந்தே வேலை செய்கிறவ. கேட்டது பேரன். அம்மா ஒரே பிடியாக மாட்டேன் என்றா. சாமியறை இருக்கிற வீட்டுக்குள் நாயா? நாங்கள் ஆரும் வற்புறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி செல்லியை முன்முற்றத்துக்கு மட்டும் கொண்டுபோனார். அம்மா கதவுக்குள்ளே நின்று பார்த்தா. தம்பி "இரு" என்றார், இருந்தது. அம்மா உள்ளே நின்றபடியே "வா" என்று சொல்லிப் பார்த்தா. போய்விட்டது.

பிறகு அம்மா தானே சொன்னா, ஊரில் தங்கட வளவு மூலையில் வைரவர் இருந்தவர், வருசா வருசம் வடைமாலை போட்டவை, வைரவரின் வாகனம் நாய்தானே என்று. எனக்கு இதில் ஒரு ஆச்சரியம் எப்பவும் உண்டு. வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டுத் திரும்பி வரும்போது, படலையில் படுத்திருக்கிற நாய்க்குக் கல்லெடுத்து எறிகிற சனமும் நாங்கள்தான். அதற்கு விசர்நாய்ப் பயமும் ஒரு காரணம் என்று வையுங்கோ. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் பெரியவர்களுக்கு மறக்காது. அவுஸ்திரேலியாவில் நாய்களில் அந்த நீர்வெறுப்பு நோய் இல்லை என்று மகள் எடுத்துச் சொன்ன பிறகுதான் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

நிபந்தனைகள் போட்டா. சாமியறை, குசினி இரண்டுக்குள்ளும் நாய் வரக்கூடாது. லோண்டரியும் பின் விறாந்தையும் அதன் இடம். வெள்ளிக்கிழமையில் வீட்டுக்குள் மச்சம் கூடாது. "அந்தப் பெட்டிச் சாப்பாட்டில என்ன இருக்கெண்டு நான் கேக்கமாட்டன், நீங்கள் சொல்லவும் வேண்டாம்" என்றா. எனக்குத் தெரிந்து எந்த வழக்கறிஞரும் இவ்வளவு வடிவாக ஒரு சிக்கலைத் தீர்த்தது இல்லை.

சாப்பாடு என்றவுடன் ஒன்று. ஊரில் மிஞ்சின சோறு கறியைத்தான் நாய்க்குப் போட்டோம், உண்மை. ஆனால் வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்துக்குக் கூடாது. எங்கட எந்தக் கறியில் அது இரண்டும் இல்லை? பாயாசத்தில் போடுகிற முந்திரிகை வற்றல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொக்லேற்றும் நஞ்சு. சமைத்த கோழி எலும்பு சிராய் சிராயாய் உடைந்து குடலைக் கிழிக்கும். சித்திரை வருசத்துக்கு வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள்தான் அன்பில் இதெல்லாம் போடுகிறவை. ஒரு சொல் சொல்லி வையுங்கோ.

காப்பகத்துப் பெண்மணி வந்து வேலியைச் சுற்றிப் பார்த்தா. கேற்றுக்குக் கீழே இருந்த இடைவெளிக்குப் பேரன் பலகை அடித்தான். பிறகு பத்திரம். இங்கே கையளிப்பது என்றால் கயிற்றை மட்டும் கொடுப்பது இல்லை. மைக்ரோசிப் இலக்கத்தின் கீழ் மாநிலப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்ற வேணும், தடுப்பூசி அட்டை கொடுக்க வேணும், குட்டி போடாமல் செய்த ஒப்பரேசன் சான்றிதழ் கொடுக்க வேணும். பெயர் மாற்றம் 1998 ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். குட்டிக்குப் பன்னிரண்டு கிழமைக்குள் சிப், ஆறு மாதத்துக்குள் பதிவு. ஆரிடம் நாய் வாங்கினாலும் பெயர் மாற்றத்தைப் பிறகு பார்ப்போம் என்று விடாதையுங்கோ. விட்டால் நாய் தவறின நாள் பவுண்ட்காரர் பழைய ஆளைத்தான் தேடுவார். அவரின் ரெலிபோன் இலக்கமும் மாறியிருக்கும், பதினாலு நாளும் ஓடிவிடும்.

கையளித்த அன்று தம்பி தன் பழைய சாரம் ஒன்றைத் தோய்க்காமல் கொண்டுவந்து லோண்டரியில் விரித்தார். மணம் இருந்தால் பயப்படாதாம். முதல் ஒரு மாதம் வந்து பார்க்கவேண்டாம் என்று காப்பகத்தில் சொல்லிவிட்டவை. காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்லுவினம்: முதல் மூன்று நாள் பயம், மூன்று கிழமையில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில்தான் தன் வீடு என்று நம்பும். செல்லி முதல் இரண்டு நாளும் சாப்பிடவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் இரவு அம்மா ஒரு கதிரையைக் கொண்டுபோய் லோண்டரி வாசலில் போட்டு இருந்து தேவாரம் படித்தாவாம். நாயைப் பார்க்கவே இல்லை, தன்பாட்டில் படித்தா. அரை மணித்தியாலத்தில் அது வெளியே வந்து தண்ணி குடித்தது.

டிசெம்பர் 31 இரவுதான் எங்கள் எல்லோருக்கும் பயம். வாணவேடிக்கைக்கு நாய் வெருண்டு வேலி பாய்ந்து ஓடுகிறது அந்த இரவில்தான் கூட. பேரன் யன்னல் எல்லாம் பூட்டி, திரை இழுத்து, ரீவியைச் சத்தமாகப் போட்டுவிட்டான். முதல் வெடிக்கே செல்லி நடுங்கத் தொடங்கிவிட்டதாம். அம்மாவும் அந்தச் சத்தம் தாங்கமாட்டா, 2009 இல் மாத்தளனில் இருந்தவ. இரண்டு பேரும் விறாந்தைக் கதவைப் பூட்டிவிட்டு லோண்டரிக்குள்ளேயே விடியும் வரைக்கும் இருந்திருக்கினம்.

தம்பி இப்ப மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கிறார். போகும்போது அம்மாவுக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு போவார். அவரின் விசா விசயத்தில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

நாய் எடுக்க நினைக்கிறவர்கள் இருந்தால், பக்கத்தில் யகூனா ஆர்.எஸ்.பி.சி.ஏ. காப்பகத்தை உங்களில் பலருக்குத் தெரியும். கவுன்சில் பவுண்ட்களிலும் கேட்கலாம். சில நூறு டொலர் கேட்பினம். ஒப்பரேசன், சிப், தடுப்பூசி எல்லாம் அதற்குள் அடங்கும், வெளியில் தனித்தனியாகச் செய்தால் அதைவிடக் கூட வரும். ஒருதரம் பார்த்துவிட்டு அன்றைக்கே தூக்கிக்கொண்டு வராதையுங்கோ. இரண்டாம் தரம் வீட்டில் இருக்கிற எல்லோரையும், முக்கியமாக வேண்டாம் என்று சொல்லுகிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

வாடகை வீட்டுக்கான அனுமதிப் படிவம் இருபது பிரதி எடுத்துக்கொண்டு வந்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், வடைத் தட்டுக்குப் பக்கத்தில். நிரப்பத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கோ. செவ்வாயும் புதனும் எனக்குப் பின்னேர ஷிப்ற், மற்ற நாளில் ஆறு மணிக்குப் பிறகு வீட்டில் நிற்பேன்.